கடலில் சொல்லக்கூடாத முனை

கரையில் இருக்கும்போது கொர்னேலியுஸ் குதிரையைப் பற்றி நிறையப் பேசுவான். ஸ்கார்வோய் தீவில் மொத்தம் இரண்டே குதிரைகள். ஒன்று பாதிரியாருடையது, மற்றது கடைக்காரருடையது. இரண்டுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் படகைக் கட்டிவிட்டு இறங்கியதும், காலணியிலிருந்து தண்ணீர் வடிந்து முடிவதற்குள், "கடைக்காரர் குதிரை இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று யாரையாவது நிறுத்திக் கேட்பான். காலையிலிருந்து கடலில் அடக்கிவைத்திருந்த சொல். வெளியே வந்தால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்.

கடலில் குதிரை என்று சொல்லக் கூடாது. பாதிரியார் என்று சொல்லக் கூடாது, பூனை என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு மீன் வராது. பாதிரியார் கடலில் கறுப்புக் கோட்டு ஆகிவிடுவார். பூனை நகக்காரி. குதிரை வைக்கோல்காரன். அதேபோல, கடலில் சொல்வதைக் கரையில் சொல்லக் கூடாது. படகின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்கும்போது நாக்கும் கூடவே மாறிவிட வேண்டும். நாற்பத்தாறு வயதில் கொர்னேலியுஸுக்கு அது தானாகவே மாறிவிடும். இந்த விஷயத்தில் அவனைவிடச் சுத்தமான ஆள் தீவில் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

தீவின் மேற்குக் கோடியில் ஒரு முனை, திறந்த கடலுக்குள் முக்கால் மைல் நீண்டு கிடக்கிறது. தேவாலய மேட்டில் நின்று பார்த்தால் குனிந்து தண்ணீர் குடிக்கும் குதிரையின் கழுத்து போலத் தெரியும். அதனால் குதிரைமுனை. படகிலிருந்து பார்த்தால் கழுத்தும் இல்லை, குதிரையும் இல்லை. புல்லே முளைக்காத, மழை தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிய இரண்டு உருண்டைப் பாறைகள். நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்கு நேராகத் தேவாலயக் கோபுரம் வந்து நின்றால் படகுக்குக் கீழே நாற்பது பாகம், அதாவது இருநூற்று நாற்பது அடி ஆழம், அடியில் காட் மீன். தீவின் பதின்மூன்று படகுகளும் இந்த நேர்கோட்டை நம்பித்தான் பிழைத்தன.

முன்பெல்லாம் கடலில் அந்த முனையை 'அது' என்று மட்டும் சொல்வார்கள். அவர்கள் 'அது' என்று சொன்ன இடங்கள் ஏழோ எட்டோ இருந்தன. 1909-இல் ஒரு மூடுபனி நாளில் இரண்டு படகுகள், 'அதுக்கு இந்தப் பக்கம்' 'அதுக்கு அந்தப் பக்கம்' என்று கத்திக்கொண்டே வந்து ஒன்றையொன்று முட்டின. யாருக்கும் அடியில்லை. ஆனால் நல்ல பெயர் ஒன்று தேவை என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

கொர்னேலியுஸுக்கு அப்போது இருபத்தொரு வயது. ஒலியானாவோடு நிச்சயமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. முந்தைய மாலைதான் அவள் உருளைக்கிழங்குப் பாத்தியில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்ததை வேலிக்கு இப்பால் நின்று பார்த்திருந்தான். அவள் நிமிரவே இல்லை. பாத்தி நீளமான பாத்தி. மறுநாள் துடுப்புப் போட்டபடி முனையைப் பார்த்தவன், தான் வாய்விட்டுப் பேசுகிறோம் என்பதே தெரியாமல் சொன்னான்:

"ஒலியானாவோட புட்டம் மாதிரியே இருக்கு."

எதிரே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவன் ரஸ்முஸ். ஒலியானாவின் கூடப்பிறந்த அண்ணன். அவன் தலையைத் திருப்பி முனையைப் பார்த்தான். பத்துத் தடவை துடுப்பை இழுத்தான். கொர்னேலியுஸ் கடலில் குதித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ரஸ்முஸ் வாயைத் திறந்தான்.

"நல்ல பேரு மாப்ள. பனியில கத்தினாலும் வேற எதோடயும் குழம்பாது."

அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பதின்மூன்று படகுகளிலும் அதுதான் பெயர். சிரிப்பு முதல் மூன்று நாட்கள் இருந்தது. பிறகு அது வெறும் இடம். "புட்டத்துக்கு வடக்க நீரோட்டம் ஜாஸ்தி" என்று சொல்லும்போது யாரும் ஒலியானாவை நினைக்கவில்லை. ரஸ்முஸ் நினைக்கவேயில்லை. நாற்பது ஆண்கள் இருபத்தைந்து வருடம் தினமும் சொன்னார்கள். ஒருவர்கூடக் கரைக்குக் கொண்டுவரவில்லை. கொர்னேலியுஸ் ஒலியானாவைக் கல்யாணம் செய்துகொண்டான், மூன்று பெண்களைப் பெற்றான், கூரையை இரண்டு முறை மாற்றினான். சாப்பிடும்போது அவள், "குதிரைமுனைப் பக்கம் காத்து எப்படி?" என்பாள். "குதிரைமுனைப் பக்கம் பரவாயில்ல" என்று அவன் உருளைக்கிழங்கை உரிப்பான். அவன் மனதில் அந்த இரண்டு பெயர்களும் இரண்டு அறைகளில் இருந்தன. நடுவில் கதவே வைக்கவில்லை.

1934 ஜூலையில் வரைபடக்காரர்கள் வந்தார்கள். சின்ன நீராவிக் கப்பல், வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு அதிகாரி. அவர் பெயர் அரென்ட்ஸ். தலைநகரத்துக்காரர். பழைய வரைபடத்தில் தீவின் மேற்குப் பக்கம் ஒரு பெயர்கூட இல்லாமல் மொட்டையாக இருந்தது. அதை நிரப்பத்தான் வந்திருந்தார். பகலெல்லாம் ஒரு படகில் ஆழம் அளந்துகொண்டும், நடுநடுவே படகின் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டும் இருந்தார். எதிர்ப்படும் மீன்படகை நிறுத்தி, கையால் காட்டிப் பெயர் கேட்பார். ஒவ்வொரு பெயரையும் மூன்று படகுகளில் கேட்க வேண்டும் என்பது அவருடைய விதி.

முதலில் நிறுத்தியது கொர்னேலியுஸின் படகைத்தான். கொர்னேலியுஸ் தூண்டிலில் இரை கோத்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த முனைக்கு என்ன பேருங்க?"

"ஒலியானா புட்டம்."

"இன்னொரு தரம் சொல்ல முடியுமா?"

"ஒலியானா புட்டம்" என்றான் கொர்னேலியுஸ், அதிகாரிக்குக் காது மந்தம் என்று நினைத்து உரக்க.

பின்னால் சுக்கானைப் பிடித்திருந்த ரஸ்முஸ் உதவியாக எழுத்துக் கூட்டிச் சொன்னான். அரென்ட்ஸ் எழுதிக்கொண்டார். "பின்புறம்னு நாகரிகமா எழுதலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க" என்றான் ரஸ்முஸ். "அப்படி யாரும் சொல்றதில்ல."

மற்ற இரண்டு படகுகளும் அதையேதான் சொன்னன.

கொர்னேலியுஸுக்கு உறைத்தது வியாழக்கிழமை, கடை வாசலில். தோளில் மாவு மூட்டை. கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில், இந்தத் தீவில் சேகரித்த பெயர்கள் அனைத்தும் ஊர்மக்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்படும். மறுப்பு இல்லாதவை அச்சுக்குப் போகும். அனைவரும் வருக. பெண்கள் சங்கம் காபி தரும்.

பெண்கள் சங்கத்தின் தலைவி ஒலியானா.

அவன் அறிவிப்பை மூன்று முறை படித்தான். மூட்டையை இறக்காமலே படித்தான். கதவு இல்லாத சுவரில் யாரோ பெரிதாக ஒரு கதவை உடைத்து வைத்ததுபோல இருந்தது. பள்ளிக்கூடம் அவன் கண்முன் வந்தது. முதல் வரிசையில் பாதிரியாரின் மனைவி. காபிக் கெண்டியோடு ஒலியானா. மேடையில் அரென்ட்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார்.

"மூட்டை கனமா இல்லையா உனக்கு?" என்றார் கடைக்காரர்.

"குதிரை எப்படி இருக்கு?" என்றான் கொர்னேலியுஸ். பழக்கம்.

அன்றைக்குக் கரையில் அரென்ட்ஸைப் பிடிக்க முடியாது. அவர் கப்பலிலேயே தூங்குபவர், சனிக்கிழமைக்கு முன் இறங்கமாட்டார். கடலில் போய் அவரைப் பார்க்கலாம். பார்த்து என்ன சொல்வது? சரியான பெயரைச் சொல்ல வேண்டும். சரியான பெயரில் குதிரை இருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் 'குதிரைமுனை' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலை படகுத்துறையில் ரஸ்முஸ் அவன் பையைத் தொட்டுப் பார்த்தான்.

"என்ன இது?"

"காகிதம்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"குதிரைமுனைன்னு எழுதியிருக்கு."

ரஸ்முஸ் ஒரு அடி பின்னால் போனான். "மாப்ள, அது படகுல ஏறக் கூடாது."

"நான் வாயால சொல்லப்போறதில்லையே மச்சான். எழுத்துதானே."

"உன் பையில இருந்தா படகுல இருக்குன்னுதான் அர்த்தம். மீனுக்கு உன் வாய்னு தெரியுமா, பைன்னு தெரியுமா?"

"மீனுக்குப் படிக்கத் தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நெடுநேரம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காகிதத்தை ஒரு காலி வெண்ணெய் டப்பாவில் போட்டு, டப்பாவைச் சின்னத் தோணியில் வைத்து, தோணியை இருபது பாக நீளக் கயிற்றில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்துப் போவது. அப்படியே போனார்கள். ஆளில்லாத தோணியில் டப்பா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வழியில் பார்த்த படகுகள் எல்லாம் விசாரித்தன. ரஸ்முஸ், "சரக்கு" என்று மட்டும் சொன்னான்.

அரென்ட்ஸ் அன்றைக்கும் முகம் வெளுத்திருந்தார். தோணியை இழுத்து டப்பாவைத் திறந்து காகிதத்தைப் பிரித்தார். முகம் மலர்ந்தது.

"ஓ! அப்போ இதோட பேர் கு..."

ரஸ்முஸ் துடுப்பால் வாளியை ஓங்கி அடித்தான். அரென்ட்ஸ் துள்ளினார்.

"என்ன ஆச்சு?"

"நண்டு" என்றான் ரஸ்முஸ்.

"சரி. நான் கேட்கவந்தது, இந்த முனைக்குக் கு..."

மறுபடியும் வாளி. கொர்னேலியுஸ் இரண்டு கையையும் கூப்பினான். "ஐயா, வாசிக்காதீங்க. பாத்தாப் போதும். அதை எழுதிக்கிட்டு இன்னொண்ண அடிச்சிடுங்க."

அரென்ட்ஸ் நல்ல மனிதர். ஆனால் விதிப்படி நடப்பவர். "எழுதிக் கொடுத்ததை நான் வாங்கக் கூடாதுங்க. ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க. ஊர்க்காரங்க வாயால சொல்லணும், நான் காதால கேக்கணும். சொல்லுங்க, ஒரு வார்த்தைதானே."

கொர்னேலியுஸ் வாயைத் திறந்தான். தொண்டை வரை வந்தது. ரஸ்முஸ் வாளியை உயர்த்தினான்.

"வைக்கோல்காரன் முனை" என்றான் கொர்னேலியுஸ்.

"அது யாருங்க, விவசாயியா?"

"இல்லைங்க. வைக்கோல் தின்பான்."

"மாடா?"

"மாடு இல்ல. மேல உக்காரலாம்."

"பெஞ்சா?" என்றார் அரென்ட்ஸ்.

"உயிருள்ளதுங்க! நாலு காலு. வால் இருக்கும். பிடரில முடி. கறுப்புக் கோட்டுகிட்ட ஒண்ணு இருக்கு."

"கறுப்புக் கோட்டா?"

"அதை நாங்க விளக்க முடியாதுங்க" என்றான் ரஸ்முஸ்.

கொர்னேலியுஸ் வேறு வழியில்லாமல் படகில் எழுந்து நின்று, தலையை ஆட்டிக் காலால் பலகையைத் தட்டினான். கனைக்கலாமா என்று ரஸ்முஸைப் பார்த்தான். ரஸ்முஸ் கொஞ்சம் யோசித்து, கூடாது என்று தலையசைத்தான். அரென்ட்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காகிதம்தான் கையில் இருக்கிறதே. ஆனால் காதால் கேட்கவில்லை. கடைசியில் அவர் இரக்கப்பட்டு, "உங்க கஷ்டம் புரியுதுங்க. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க வீட்டுக்கே வர்றேன். கரையில சொல்லலாம் இல்ல?" என்றார்.

"கரையில நூறு தரம் சொல்றேன்" என்றான் கொர்னேலியுஸ்.

ஐந்தரைக்கே அவன் துறைக்கு வந்து நின்றான். அதிகாரியை அங்கேயே பிடித்து, பெயரைச் சொல்லி, வந்த படகிலேயே திருப்பி அனுப்பிவிடுவது திட்டம். வீட்டுப் பக்கமே விடக் கூடாது. மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஆறு மணி ஆயிற்று. ஆறேகால். அரென்ட்ஸுக்கு அலை ஆகாது. அதனால் துறையைச் சுற்றி வராமல், அமைதியாக இருந்த பின்பக்கக் குடாவில் இறங்கி, உருளைக்கிழங்குப் பாத்தி வழியாக மேலேறிப் போய்விட்டார் என்று துறைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

கொர்னேலியுஸ் ஓடினான். சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"குதிரைமுனை! குதிரைமுனை! குதிரைமுனை!"

உள்ளே அரென்ட்ஸ் வாஃபிளில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மேசைமேல் பெயர்ப்பட்டியல் விரித்துக் கிடந்தது. ஒலியானா காபிக் கெண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஊற்றவில்லை.

"வாங்க" என்றார் அரென்ட்ஸ் மகிழ்ச்சியோடு. "உங்க சம்சாரம் பேரு ஒலியானான்னு இப்பத்தான் சொன்னாங்க. நான் இருபது வருஷமா பேர் சேகரிக்கிறேன். ஒரு முனைக்குப் பேர் குடுத்தவங்களை நேர்ல பார்க்கிறது இதுதான் முதல் தடவை. கையெழுத்து வாங்கலாம்னு இருந்தேன்."

"உக்காரு" என்றாள் ஒலியானா.

அது அதிகாரியிடம் சொன்னதல்ல. கொர்னேலியுஸ் உட்கார்ந்தான்.

"எத்தனை படகு?"

"பதிமூணு."

"எத்தனை வருஷம்?"

"இருபத்தஞ்சு."

"என் அண்ணனும் சொல்றானா?"

"எழுத்துக் கூட்டினதே அவன்தான்."

"பாதிரியாருக்குத் தெரியுமா?"

கொர்னேலியுஸ் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டினான். "போன இலையுதிர்காலத்துல அவரை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போனோம். இன்னும் எவ்வளவு நேரம்னு கேட்டார். புட்டத்தைத் தாண்டினா அரை மணின்னு சொன்னோம். அவர் வேற எதுவும் கேக்கல."

ஒலியானா கெண்டியைக் கீழே வைத்தாள். "அதான் அந்தாளு என்னைப் பார்த்தாலே வானிலை பத்திப் பேசுறான்."

பிறகு அவள் அரென்ட்ஸிடம், பட்டியலில் அடித்துவிட்டுச் சரியான பெயரை எழுதச் சொன்னாள். அரென்ட்ஸ் வாஃபிளைத் தட்டில் வைத்துவிட்டு, காலையில் குமட்டலில் தான் மறந்துவிட்ட ஒரு விதியை வருத்தத்தோடு விளக்கினார். ஒரு பெயர் எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்பதும் பட்டியலில் உண்டு. கடலில் மூன்று படகுகள் சொன்னதை ஒருவர் சமையலறையில் மாற்ற முடியாது. கடலில் சொன்னதைக் கடலில்தான் மாற்ற வேண்டும். அதுவும் முதலில் சொன்ன ஆள், சாட்சி முன்னால்.

"அப்போ நாளைக்குக் காலைல போய்ச் சொல்லிடு" என்றாள் ஒலியானா.

"கடல்லயா? அந்தச் சொல்லையா? ஒலியானா, பதிமூணு படகும் அங்கதான் நிக்கும். கானாங்கெளுத்தி வந்திருக்கு. நான் சொன்னா எவனும் என்னைப் படகுத்துறையிலயே சேத்துக்கமாட்டான்."

"சொல்லாட்டிப் போ."

அவள் சாந்தமாகச் சொன்னதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு நானும் பள்ளிக்கூடத்துக்கு வருவேன். முன்னால நிப்பேன். ஐயா அந்தப் பேரை வாசிச்சதும், அப்படியே திரும்பி நிப்பேன். எல்லாரும் நல்லாப் பார்த்து, பொருத்தமா இருக்கான்னு சொல்லட்டும். மறுப்பு இருந்தா எழுதிக்கட்டும்."

அரென்ட்ஸ் இருமினார். வாஃபிள் தொண்டையில் சிக்கிவிட்டது.

ஒலியானா சொன்னதைச் செய்பவள். அவள் பேசாமல் மிரட்டிய சந்தர்ப்பங்கள் உண்டு, பேசிவிட்டுச் செய்யாத சந்தர்ப்பம் ஒன்றுகூட இல்லை. கொர்னேலியுஸ் அன்றிரவு தூங்கினானோ இல்லையோ, காலையில் ரஸ்முஸிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் உப்பில் ஊறிய மீன்போல இருந்தது.

"திரும்பி நிப்பேன்னா சொன்னா?" என்று கேட்டான் ரஸ்முஸ்.

"சொன்னா."

"நிப்பா" என்றான் ரஸ்முஸ். "நான் அண்ணன். நானும் அங்க உக்காந்திருக்கணும்" என்றான். அதற்குமேல் அவன் மறுக்கவில்லை. உறையிலிருந்து கத்தியை எடுத்துப் பாய்மரத்தில் ஆழமாகக் குத்தி வைத்தான். கூடாத சொல்லைச் சொன்னாலும் இரும்பு இருந்தால் சேதம் குறையும் என்பது படகுக்காரர்களின் நம்பிக்கை.

கடல் எண்ணெய்போல வழுவழுத்துக் கிடந்தது. கோபுரம் பிளவில் நேராக நின்றது. பதின்மூன்று படகுகளும் ஒன்றுக்கொன்று குரல் கேட்கும் தூரத்தில் நின்றன. கானாங்கெளுத்தி கொத்துக் கொத்தாக ஏறிக்கொண்டிருந்தது. அரென்ட்ஸின் படகு அருகே வந்து நின்றது. அவர் பட்டியலை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

கொர்னேலியுஸ் குனிந்து, கிட்டத்தட்ட அவர் காதுக்குள் சொன்னான். அப்போதுதான் பக்கத்துப் படகின் இயந்திரம் டபடபத்தது.

"கேக்கல" என்றார் அரென்ட்ஸ்.

மறுபடியும் சொன்னான்.

"முனைன்னு மட்டும்தான் கேட்டுச்சு. முன்பகுதியைக் கொஞ்சம் சத்தமா."

கொர்னேலியுஸ் நிமிர்ந்தான். ஒரு முறை கரையைப் பார்த்தான். தேவாலய மேட்டில், சாம்பல் நிறப் பாவாடையில், சின்னதாக ஒரு உருவம் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தது. ஒலியானாவாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். அவன் மூச்சை இழுத்தான்.

"குதிரைமுனை!"

இரண்டு பாறைகளும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. ஒரு பாறை ஒரு தடவை, மற்றது ஒரு தடவை.

பக்கத்துப் படகின் இயந்திரம் நின்றது. எல்லாப் படகுகளிலும் கைகள் நின்றன. நாற்பது ஆண்கள் ஒரே திசையில் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொர்னேலியுஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொருவராகக் கயிற்றைச் சுருட்டினார்கள். ஏறிக்கொண்டிருந்த மீனை அப்படியே விட்டுவிட்டு, பதின்மூன்று படகுகளும், கொர்னேலியுஸின் படகும் சேர்த்துத்தான், வரிசையாகக் கரைக்குத் திரும்பின. காலை எட்டரை மணி. அந்த ஆண்டின் மிகச் சிறந்த கானாங்கெளுத்தி நாள்.

"எல்லாரும் எங்க போறாங்க?" என்று கேட்டார் அரென்ட்ஸ்.

"வீட்டுக்கு" என்றான் ரஸ்முஸ். "நீங்க நல்லாக் கேட்டீங்களா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"அதுவரைக்கும் சந்தோஷம்."

மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. வேலை இல்லாததால் ஆண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அரென்ட்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். குதிரைமுனை என்ற இடம் வந்ததும் பெண்கள் தலையசைத்தார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பாதிரியார் வானிலையைப் பற்றி ஏதோ சொன்னார். மறுப்பு ஒன்றும் இல்லை. ஒலியானா முன்வரிசையில் நேராக நின்று காபி ஊற்றினாள். கொர்னேலியுஸுக்கு இரண்டு கோப்பை ஊற்றினாள், சர்க்கரையோடு. அவன் வேறு யாரிடமிருந்தும் அன்றைக்கு எதுவும் பெறவில்லை.

இரண்டு வாரம் துறையில் ஒருவரும் அவனோடு பேசவில்லை. குதிரை எப்படி இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரர்கூட, "அதான் அன்னைக்குக் கடல்லயே அதைச் சொல்லிட்டியே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி" என்றார். பிறகு மீன் வந்தது, கோபம் போனது. ஆனால் ஒரு காரியம் பாக்கி இருந்தது. கடல்பெயர் கரையில் ஒரு பெண்ணின் காதில் விழுந்துவிட்டால் கெட்டுப்போய்விடும். அதைத் திரும்பக் கடலுக்கு எடுத்துப் போக முடியாது. அந்த முனைக்குப் புதிதாக ஒரு பெயர் தேவைப்பட்டது. பதின்மூன்று படகுகளும் ஒரு காலையில் நடுக்கடலில் விளிம்போடு விளிம்பு ஒட்டி நின்று முடிவு செய்தன. கொர்னேலியுஸிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து தட்டையே பார்த்துச் சாப்பிட்டான். ஒலியானா கவனித்தாள்.

"குதிரைமுனைக்குக் கடல்ல இப்போ என்ன பேரு?"

"கரையில சொல்லக் கூடாது."

மறுநாளும் கேட்டாள். அதே பதில். ஐந்தாம் நாள் காலை கொர்னேலியுஸ் துறைக்குப் போனபோது ஒலியானா படகில் உட்கார்ந்திருந்தாள். தலையில் கம்பளித் துணி, அவனுடைய பழைய மழைக்கோட்டு, மடியில் காபிக் குடுவை. மீன்பிடிக்கும் படகில் பெண்ணா என்று ரஸ்முஸ் வாயைத் திறந்தான்.

"அண்ணே, எழுத்துக் கூட்டினது நீதானே?" என்றாள்.

ரஸ்முஸ் வாயை மூடிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான்.

முனையைச் சுற்றி மேற்கே வந்தார்கள். கோபுரம் மெதுவாக நகர்ந்து பிளவுக்குள் வந்து நின்றது. ரஸ்முஸ் இயந்திரத்தை நிறுத்தினான். ஒலியானா பிறந்ததிலிருந்து அந்தத் தீவில்தான் இருந்தாள். முனையை இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

"இப்போ சொல்லு" என்றாள்.

கொர்னேலியுஸ் சுக்கானைப் பார்த்தான். ரஸ்முஸ்தான் சொன்னான், படகின் அடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"கொர்னேலியுஸ் புட்டம்."

ஒலியானா வெகுநேரம் முனையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, சுக்கானருகே எலும்பும் தோலுமாக நின்ற கணவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவன் எதற்கோ கயிறை எடுக்கத் திரும்பினான். அப்போதும் பார்த்தாள். மறுபடியும் முனையைப் பார்த்தாள்.

"படகைக் கொஞ்சம் வடக்க திருப்பு அண்ணே."

ரஸ்முஸ் துடுப்பால் திருப்பினான். அவள் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"நியாயமே இல்ல" என்றாள் கடைசியில். "இதுல எவ்வளவு சதை இருக்கு. இவன்கிட்ட எங்க இருக்கு? பழைய பேர்தான் சரி."

"கெட்டுப்போச்சும்மா" என்றான் ரஸ்முஸ். "கரைக்கு வந்தது வந்ததுதான். திரும்பச் சொல்ல முடியாது."

ஒலியானா குடுவையைத் திறந்து, அதன் மூடியில் தனக்கு மட்டும் காபி ஊற்றிக்கொண்டாள். பாறைகள்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"அவசரப்பட்டுட்டேன்" என்றாள்.